ஏழாம் தளத்தில் ஆறு பேர்

ரெக்ஸின் கைபேசி அடித்தபோது கணினித் திரையில் அவனுடைய ஆறு பேரும் நான்காம் தளத்தில், உடைந்த தூண் ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். கோகிலாபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது, சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மறுமுனையில் ஒருவர் போட்ட சத்தம் பக்கத்தில் இருந்த மனைவி கிளாராவுக்கே கேட்டது. "ஃபில்டரக் கழட்டிப் பாத்தீகளாண்ணே? மொதல்ல அதச் செய்ங்க" என்று சொல்லிக்கொண்டே ரெக்ஸ் எழுந்து வாசலுக்குப் போனான். போனில் பேசும்போது அவனால் ஓரிடத்தில் நிற்க முடியாது. வேப்பமரம் வரை போவான், திரும்புவான், மறுபடி போவான்.

கிளாரா அவனுடைய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அது பத்துத் தளங்கள் கொண்ட ஒரு பாதாளத்துக்குள் போய்வரும் பழைய ஆங்கில விளையாட்டு. வழிப்படம் எதையும் அது தராது. விளையாடுபவர்தான் வரைந்துகொள்ள வேண்டும். ஒன்றை முடித்தால் இரண்டு, இரண்டை முடித்தால் மூன்று என்ற ஒழுங்கும் அதற்குக் கிடையாது. இரண்டாம் தளத்துப் படி ஒன்று நேரே ஆறாம் தளத்தில் கொண்டுபோய் விடும். ஐந்தாம் தளத்தின் பாதிக்குப் போக வேண்டுமானால் எட்டுக்கு இறங்கித்தான் ஏற வேண்டும். ரெக்ஸ் மூன்று வருடமாகக் கட்டம் போட்ட நோட்டில் அதைப் பென்சிலால் வரைந்துவருகிறான். அந்த நோட்டின்படி, மேலே போகும் படிக்கட்டு தூணிலிருந்து மூன்று கட்டம் மேலே இருந்தது. வருவதற்குள் படிக்கட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் சந்தோஷப்படுவான் என்று அவளுக்குத் தோன்றியது. எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்பதைத் திரையின் மூலையில் ஓர் எழுத்து காட்டும். படத்தில் மேலே என்றால் வடக்கு. வடக்குக்கான எழுத்து வரும்வரை திருப்பி, அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினாள். இரண்டாவது தட்டில் தரை விலகியது.

விழுந்தது ஏழாம் தளத்தில். இருட்டிலிருந்து எதுவோ வந்தது. பயத்தில் கைக்கு வந்த பொத்தானையெல்லாம் அழுத்தினாள். முத்துராஜா, கோட்டைச்சாமி, விஜய்ராஜ், சண்முகராஜ், கிங்ஸ்லி என்று ரெக்ஸின் விடுதி நண்பர்களுடைய பெயர் வைத்திருந்த ஐந்து பேரும் ஒவ்வொருவராகச் செத்து, பட்டியலில் சிவப்பானார்கள். கடைசி வரியில் நின்ற ஆறாவது பெயரும் சிவந்தது. கல்யாணம் முடிந்த வாரத்தில் ரெக்ஸ் புதிதாகச் சேர்த்த வைத்தியக்காரி. பெயர் கிளாரா.

நடந்ததைத் தானாகவே எழுதி வைத்துக்கொள்ளும் விளையாட்டு அது. பின்னால் போய்த் திருத்துவதற்கு வழியில்லை. ரெக்ஸ் திரும்பி வந்து திரையைப் பார்த்தான்.

"படிக்கட்டுக்குப் போலாம்னு..." என்றாள்.

"பரவால்ல. கேம்தான" என்றான். கணினியை அணைத்து, துணியைப் போட்டு மூடினான்.

திட்டியிருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அந்தத் துணிதான் தாங்க முடியாததாக இருந்தது. ஜனவரியில் கல்யாணம் ஆகி நாலு மாதம். ரெக்ஸ் அதிகம் பேசாதவன். பெண் பார்க்க ஆண்டிபட்டிக்கு வந்த அன்று அவளிடம் "பஸ்ஸு வசதியெல்லாம் எப்பிடி?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். ராயப்பன்பட்டிக்கு வந்த முதல் மாதம், ஒரு நாளைக்கு அவன் பேசும் வார்த்தைகளை அவள் விளையாட்டாக எண்ணியிருக்கிறாள், நாற்பதைத் தாண்டியதில்லை. அப்புறம்தான் தற்செயலாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். கண் திரையில் இருக்கும்போது அவன் வாய் திறந்துகொள்ளும். மாலை ஏழு மணிக்குக் கணினி முன்னால் உட்காருவான். அவள் நோட்டைப் பிடித்துக்கொள்வாள். எலும்புக்கூடுகளை வெட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமலே, கோயம்புத்தூரில் வேலை போன பிறகு இரண்டு மாதம் வீட்டில் சொல்லாமல் இருந்ததைச் சொன்னான். அப்பா இறந்த அன்று அழுகை வராமல், நாலு நாள் கழித்துச் சவரக் கடையில் வைத்து அழுததைச் சொன்னான். நிச்சயத்துக்குக் கட்டிய அவளுடைய பச்சைப் புடவை நன்றாகவே இல்லை என்றான். எட்டரை மணிக்கு அவன் அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை அந்த ஒன்றரை மணி நேரம் அவளுக்குப் புருஷன் இருந்தான். ஆறு பேரும் செத்த அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஒரு வாரமாக, "சாப்ட்டியா", "கதவச் சாத்திரவா". மன்னிப்பும் கேட்டுப் பார்த்தாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றான். அந்த ஒன்றரை மணி நேரம் இனி வராமலே போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

செத்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடப்பார்கள், வேறொரு குழு போய்த் தூக்கி வரலாம் என்று அவன் எப்போதோ சொல்லியிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை காலை ரெக்ஸின் வண்டி தெருமுனையைத் தாண்டியதும் கிளாரா துணியை எடுத்தாள். சின்னமனூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர ஜூன் வரை நேரம் இருந்தது.

ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் கூடாது. பிணமும் ஓர் ஆள் கணக்கு. அதனால் புதிதாக மூன்று பேரை உருவாக்கி அனுப்பி, மூன்று மூன்று பேராகத் தூக்கிவர வேண்டும்.

"என்னத்தா, காலையிலயே படம் பாக்க ஒக்காந்துட்ட?" மாமியார் ஆரோக்கியம்மாள் முருங்கைக்கீரையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"படமில்ல அத்தை. அவுக வெளையாடுவாகள்ல, அது. அவுக ஆளுக ஆறு பேரு உள்ள செத்துக் கெடக்காக. தூக்கிட்டு வரணும்."

"தூக்கிட்டு வந்து? கல்லறையில வைக்கவா?"

"மேல ஒரு கோயில் இருக்கு. அங்கன கொண்டுபோய்ச் சேத்தா சாமியாரு உயிர் குடுப்பாரு."

கீரை உருவிய கை நின்றது. "ஆண்டவருக்கே மூணு நாள் ஆச்சு. ஒங்க சாமியாரு ஒடனே எழுப்பிருவாராக்கும்?"

"எழுப்பிருவாரு. தூக்கிட்டு வரப் போறதே நீங்கதான். ஒங்க பேரத்தான் வச்சிருக்கேன்."

"எம் பேரா? எங் கையில என்ன குடுத்துருக்க?"

"கோடாலி."

"ஏன், அருவா இல்லையா அந்த ஊர்ல?"

மற்ற இரண்டு பேர், பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாளும் கிளாராவின் கல்லூரித் தோழி அனுசுயாவும். முதல் நாளே கஸ்தூரியம்மாள் இரண்டு முறை செத்தாள். "நல்லா வேணும். நேத்துக் கொழாயடில என்னா பேச்சுப் பேசுனா!" என்றாள் ஆரோக்கியம்மாள். தன் பெயர் முன்வரிசையில் நிற்கிறதா என்று மட்டும் அவ்வப்போது அடுப்படியிலிருந்து வந்து பார்த்துக்கொண்டாள்.

ஆனால் வழி புரியவில்லை. நோட்டில் கதவு இருக்கும் இடத்தில் திரையில் சுவர் வந்தது. நேர்வழி என்று அவன் வரைந்திருந்த இடம் குறுக்கே போனது. நான்கு நாள் முட்டி மோதினாள். மூன்று வருடமாக இந்த மனிதர் தப்பாகவா வரைந்துகொண்டிருந்தார் என்று ஒரு கட்டத்தில் அவன்மேல் பரிதாபம்கூட வந்தது.

புதன்கிழமை, அலுத்துப்போய் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். அதே நோட்டின் பின்பக்கத்தில் அவனுடைய தொழில் இருந்தது. சொட்டுநீர் போட்ட தோட்டங்களின் படங்கள். எந்த வரிசையில் எத்தனை அடிக் குழாய், எங்கே வால்வு. ஒரு பக்கத்தில் அவர்களுடைய முக்கால் ஏக்கர் திராட்சைத் தோட்டமே இருந்தது. பந்தல்கால்களைப் புள்ளி புள்ளியாக வைத்திருந்தான். இடது கை மேல்மூலையில் ஒரு வட்டம் போட்டுக் கிணறு என்று எழுதியிருந்தான்.

அவள் அதையே பார்த்தாள். இடது மேல்மூலை என்றால் வடமேற்கு.

"அத்தை, நம்ம தோட்டத்துக் கெணறு எந்த மூலையில இருக்கு?"

"ஈசானி மூலையிலதான். வேற எங்கன தோண்டுவாக? பங்குச் சாமியாரு வந்து அங்கன நின்னுதான் மந்திரிச்சாக."

வடகிழக்கு. கிளாரா நோட்டை எடுத்துக்கொண்டு அவன் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கிழக்கு மலை, மேலே ஒரு துண்டு மேகத்தோடு. அந்த ஊரில் யாரும் இடது வலது என்று பேசி அவள் கேட்டதில்லை. பந்தியில்கூட "கொஞ்சம் தெக்க தள்ளி ஒக்காருங்க" என்பார்கள். உப்பு டப்பா மேற்குப் பக்கத்துப் பலகையில் இருக்கும். தோட்டத்து வரப்பில் நின்று படம் போடுகிறவன், மலையைப் பார்த்து நின்று, தாளின் மேல்பக்கத்தைக் கிழக்காக வைத்துத்தான் போடுவான். பாதாளத்தையும் ரெக்ஸ் அப்படித்தான் வரைந்திருக்கிறான். திரையில் கிழக்கு என்று வந்தால் மலையைப் பார்த்து, அதாவது தாளில் மேல்நோக்கிக் கோடு போட்டிருக்கிறான். அவளோ ஆண்டிபட்டிப் பள்ளிக்கூடத்துச் சுவர் வரைபடத்தைப் போல மேலே வடக்கு என்று நம்பிவிட்டாள். கணக்குப் படித்தவளுக்கு இது தோன்ற நாலு நாளா? நான்காம் தளத்துப் பக்கத்தைத் திருப்பினாள். தூணுக்கு இடது பக்கம், இரண்டாவது கட்டத்தில், அழுத்தமான பெருக்கல் குறி. பள்ளம். அவன் குறித்துத்தான் வைத்திருந்தான்.

நோட்டைக் கால் சுற்று திருப்பி வைத்தாள். அதன் பிறகு அவன் போட்ட ஒரு கோடுகூடத் தப்பவில்லை.

வியாழனும் வெள்ளியும் ஒரு புது ஊரின் தெருக்களைப் பழகுவது போலப் போயின. எந்த அறையில் எது தூங்குகிறது, எந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் குறித்திருந்தான். 'இங்கன நிக்காத', 'ஓடிரு', ஓர் இடத்தில் 'தண்ணி நல்லாருக்கு'. தனியாக இருந்த காலத்தில் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவை. சண்டையென்று வந்தால் அவளுடைய மூவரும் ஓடினார்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஏழாம் தளத்தின் தாழ்வாரத்தில் ஆறு பெயர்களும் கிடந்தன. யாரை முதலில் தூக்குவது என்று யோசித்தாள். முத்துராஜா, கோட்டைச்சாமி, விஜய்ராஜ். மூவரையும் கோயில்வரை கொண்டுவந்து சேர்த்தாள். பெயர்கள் ஒவ்வொன்றாக வெள்ளையானபோது அவளையறியாமல் கை தட்டிவிட்டாள்.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். இணைப்புக்கு ஒரு முழங்கை வளைவுக் குழாய்த்துண்டு எடுக்க வந்த ரெக்ஸ், கையில் அதோடு வாசலில் நின்றான்.

"முத்துராஜா..." என்றான். பக்கத்தில் வந்து குனிந்தான். "ஏழுக்குப் போயா தூக்கிட்டு வந்த? இந்த மூணு பேர வச்சுக்கிட்டா?" அவளுடைய மூன்று பேரின் பெயரைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா! இங்க வந்து பாரு, ஒன் கையில கோடாலி!"

"எல்லாம் தெரியும்டா. அருவா கேட்டேன், தர மாட்டேன்னுட்டா" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

ரெக்ஸ் பட்டியலை மறுபடி பார்த்தான். சிரிப்பு குறைந்தது. "ஒன்னய விட்டுட்டு வந்துட்ட."

"மூணு பேரத்தான தூக்க முடியும். இன்னொரு நட போகணும். நீங்க வாங்க" என்று எழப் போனாள்.

"இல்ல. நீயே போ." அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அது திரும்பி இருப்பதைப் பார்த்தான். அப்படியே விட்டான்.

மூவரும் மறுபடி இறங்கினார்கள். ஆறாம் தளம் வந்தது. தோட்டத்துக்காரர் போன் அடித்தார். எடுத்து, "ஒரு மணி நேரம் ஆகும்ணே" என்று வைத்தான். கிளாரா கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் இருந்தாள்.

"கோவமெல்லாம் இல்ல" என்றான் திரையைப் பார்த்தபடி. "அவள நா ஒரு அடி வாங்க விட்டதில்ல, தெரியுமா? பின்னாலயே நிக்க வச்சு, அஞ்சு தடியனுகள முன்னால விட்டு... அந்தப் பேரு செவப்பா நின்னதப் பாக்க முடியல. வெளையாட்டுதான்னு எனக்கும் தெரியும். அதச் சொன்னா லூசுன்னு நெனப்பியோன்னு..."

"நெனச்சிருப்பேன்" என்றாள்.

"ம்."

"நெனச்சுட்டு, பக்கத்துலதான் ஒக்காந்திருப்பேன்."

ஏழாம் தளத்துத் தாழ்வாரம் வந்தது. சண்முகராஜையும் கிங்ஸ்லியையும் அனுசுயாவும் கஸ்தூரியம்மாளும் தூக்கிக்கொண்டார்கள். கிளாராவை ஆரோக்கியம்மாள் தூக்கினாள்.

"ஒன்னயப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கி" என்று ரெக்ஸ் தொடங்கினான், "பஸ்ஸப் பத்தி ஏன் கேட்டேன்னு நெனைக்கிற? வேற ஒண்ணு கேக்கணும்னு தேனியிலருந்து மனப்பாடம் பண்ணிக்கிட்டே வந்தேன். நீ காப்பித் தட்டோட வந்து நின்னயா, அம்புட்டும் போச்சு."

"என்ன கேக்க வந்தீக?"

"சொல்றேன் இரு. மொதல்ல பஸ்ஸுல என்னா நடந்துச்சுன்னா..."

திரையில் மேலே ஏறும் படிக்கட்டு தெரிந்தது. இரண்டே கட்டம். கிளாரா அதன் முன்னால் ஒரு கணம் நின்றாள். பிறகு அம்புக்குறியை அழுத்தித் தெற்கே திரும்பினாள்.

ரெக்ஸ் பேச்சை நிறுத்தினான். "படி அங்கனல்ல இருக்கு?"

"தெரியும்."

அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அந்தப் பக்கம் நா போனதில்ல. நோட்டுல கெடையாது."

"நீங்க சொல்லுங்க. பஸ்ஸுல என்ன நடந்துச்சு?"

அடுப்படியில் குழம்பு தாளிக்கும் வாசனை எழுந்தது. ரெக்ஸ் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, வெற்றுக் கட்டங்கள் இருந்த ஒரு பக்கத்தைத் திறந்துகொண்டு, தேனியைத் தாண்டியதும் பஸ் பழுதாகி நின்றதிலிருந்து சொல்லத் தொடங்கினான். தீப்பந்த வெளிச்சம் விழுந்த கற்சுவர்கள் இருபுறமும் நகர்ந்தன. முதுகில் கிளாராவைச் சுமந்துகொண்டு, கையில் கோடாலியோடு, ஆரோக்கியம்மாள் எல்லோருக்கும் முன்னால் இருட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள்.