பவுனம்மாளின் டுமீல்

பவுனம்மாள் ஒரே காலையில், கையில் துப்பாக்கி இல்லாமல், வெறும் வாயால் "டுமீல்" என்று சொல்லி இருநூற்றுப் பதினான்கு காட்டுவாத்துகளை வீழ்த்தியவர். இருநூற்றுப் பதிமூன்று என்று சொல்பவர்கள் அன்று அங்கே இல்லாதவர்கள். அவர்கள் பேச்சை விட்டுவிடலாம்.

கட்கியில் ஒரு தோட்டாத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் அவருக்கு முப்பத்திரண்டு வருட வேலை. பெட்டிக்குப் பத்துத் தோட்டா எடுத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். சுடுகிற ஆள் வேறு. பக்கத்தில் நின்று வெடித்ததா இல்லையா என்று குறித்துக்கொள்வது பவுனம்மாள். தினம் முந்நூறு வெடிச்சத்தம் காது வழியாக உள்ளே இறங்கி, வெளியேற வழி தெரியாமல் நெஞ்சுக்கூட்டிலேயே குடியேறிவிட்டது. பணி ஓய்வு விழாவில் போட்ட சாமந்தி மாலை மூக்கில் உரச, ஒரு தும்மல் தும்மினார். மேடைக்கு மேலிருந்த மின்விசிறி கழன்று விழுந்தது. அன்றுமுதல் மிளகாய் தாளிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். தெருவுக்கு இது பால் விலை ஏறிய மாதிரிச் சாதாரணச் செய்தி. நம்பாத ஆள் ஒன்றே ஒன்று, அவர் பெற்ற மகன் முரளி.

முரளி ஆகுர்டியில் கார் பாகங்கள் செய்யும் இடத்தில் தரப் பரிசோதகர். மயிரிழை கூடினாலும் பல்சக்கரத்தைத் தூக்கி எறிகிற கை. பதினாலாவது மாடியில் ஃபிளாட் வாங்கியிருந்தான். கட்கி வீட்டை விற்றுவிட்டு அம்மாவை அங்கே கொண்டுபோக வேண்டும் என்று மூன்று வருடமாக நச்சரிப்பு. புரோக்கர் இஸ்மாயில் வீட்டை வாங்க ஆளையும் பிடித்துவிட்டார். பதினாலாவது மாடியில் பேச்சுத் துணைக்குக் காக்காய்கூட வராதே என்பதுதான் பவுனம்மாளின் கவலை. வாழ்நாளெல்லாம் தெருவோடு பேசிய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"ஒரு பந்தயம்டா," என்றார். "என்கூட வாத்து வேட்டைக்கு வா. ஒண்ணுகூட விழலைன்னா நானே கையெழுத்துப் போடறேன். விழுந்துச்சுன்னா வீட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"வாத்தைச் சுட்டா ஜெயில்மா."

"துப்பாக்கியால சுட்டாத்தானே ஜெயிலு. வாயால சுட்டா எந்த செக்‌ஷன்ல போடுவான்?"

ஜனவரி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலை ஸ்கூட்டரில் ஆற்றங்கரைக் கவடிக்குப் போனார்கள். ஆற்றில் சோப்பு நுரை, நுரைக்கு நடுவே பாஸ்போர்ட் இல்லாமல் இமயமலை தாண்டி வந்த வாத்துகள். பவுனம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காய்கறி வண்டியை நிறுத்துகிற குரலில் "டுமீல்" என்றார். தொண்ணூற்றொரு வாத்துகள் மல்லாந்தன. ரத்தமில்லை, காயமில்லை, தண்ணீரில் போட்ட தலையணைகள் போல மிதந்து குறட்டை விட்டன. நூறு எண்ணுவதற்குள் எழுந்து, வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தன.

"தண்ணில கெமிக்கல்மா. மயங்கிடுச்சு," என்றான் முரளி.

இரண்டாவது டுமீலுக்கு நூற்றிருபத்து மூன்று. சில வாத்துகள் இரண்டு தடவையும் விழுந்தன. அவற்றைக் கழிக்கச் சொல்பவர்கள் பொறாமைக்காரர்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த வனக்காவலர் அவர்கள் பையைக் கொட்டிப் பார்த்தார். இட்லியும் மிளகாய்ப்பொடியும் இருந்தன. ஒரு வாத்தைத் தூக்கிப் புரட்டினார், தூக்கம் கலையாமல் திரும்ப வைத்தார், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"ரெண்டு தடவைன்னா தற்செயல்," என்றான் முரளி. "மூணாவதும் விழுந்தாத்தான் பாஸ் பண்ணுவேன். எங்க ஃபேக்டரி ரூல்."

மூன்றாவது தடவை வந்தது வெறும் "டிக்". வாத்துகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன.

தோட்டாச் சோதனையில் ஒரு விதி உண்டு. வெடிக்கவில்லையென்றால் முப்பது எண்ணும்வரை யாரும் அசையக் கூடாது, துப்பாக்கிக் குழாய்க்கு எதிரே போகவே கூடாது. பவுனம்மாள் அந்த விதிப்படி வாயைத் திறந்தபடியே ஆற்றைப் பார்த்து நின்று விரல்விட்டு எண்ணினார். கார்த் தொழிற்சாலையில் வழக்கம் வேறு. மெஷின் நின்றால் தலையை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். முரளி சிரித்துக்கொண்டே அம்மாவுக்கு முன்னால் போய் நின்றான்.

"ஸ்டாக் முடிஞ்சிருச்சாம்மா?" குனிந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தான்.

பவுனம்மாள் கையை ஆட்டி விரட்டினார். தோற்றுப்போன அம்மா கெஞ்சுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். இருபத்தேழாவது விரலில் டுமீல் வெளியே வந்தது.

தரப் பரிசோதகர் நாணலுக்குள் மல்லாந்து விழுந்து குறட்டை விட்டார். நூறு எண்ணுவதற்குள் எழுந்து, இரண்டு கையையும் உதறி, வாத்து வரிசையில் கடைசி ஆளாக மேலே ஏறினார். கரும்புத் தோட்டத்துக்கு மேலே போய், லோணி ரயில் பாதைவரை ஒரு சுற்று. கீழே அம்மா மிச்ச இட்லியைப் பிட்டுக்கொண்டே கத்தியது ஊருக்கே கேட்டது.

"காலை மடக்குடா. கரண்டு கம்பி இருக்கு பாரு. வாத்தைப் பார்த்துக் கத்துக்க."

முழங்கால்வரை சேறோடு இறங்கியபோது முரளியின் ஃபோன் அடித்தது. வீடு வாங்குகிற பார்ட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது, அம்மாவை எப்போது கூட்டி வருகிறீர்கள் என்று கேட்டார் இஸ்மாயில்.

"வீடு விக்கறதில்லை பாய்," என்றான் முரளி.

திடீரென்று என்ன ஆயிற்று என்று இஸ்மாயில் கேட்டார். முரளி அம்மாவைப் பார்த்தான். அம்மா டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார், ஒன்றும் நடக்காததுபோல.

"அம்மா வாயால சுட்டாங்க பாய்," என்றான். "நான்தான் விழுந்தேன்."