ஒரு செம்பு வெள்ளைக்கரு

“இதைத் தூக்கிட்டுப் போய் என்னம்மா பண்றே? மூஞ்சியில பூசிக்கிறியா?” என்று கேக் கம்பெனி சூப்பர்வைசர் ஒருநாள் அவளிடம் கேட்டார். முட்டை உடைக்கும் அறையில் இருந்த பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். “தம்பிக்கு சார்” என்று சொல்வதற்குள் அவளுக்குக் காதுவரை சூடேறிவிட்டது.

அந்தக் கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே மஞ்சள் க்ரீம்தான். அதற்கு மஞ்சள் கரு மட்டும் போதும். அவள் ஒவ்வொரு முட்டையையும் முதலில் சின்னக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்ப்பாள். கெட்டதில்லை என்று தெரிந்தால் மஞ்சளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு விரல் இடுக்கு வழியாக வெள்ளையை வாளியில் வழியவிடுவாள். வாளியில் கொஞ்சம் பிஸ்கட் பிரிவுக்குப் போகும். மீதி சாக்கடைக்குத்தான். சாக்கடைக்குப் போவதில் ஒரு செம்பு தம்பிக்குப் போனால் யார் குடி முழுகிவிடும்? சூப்பர்வைசரும் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தம்பி அரை டவுசர் போட்ட பொடியன். அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை வளர்த்தாள். இப்போது அவன் வாசற்படியில் குனிந்துதான் நுழைய வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் அவனுக்கு ஏணி என்று பேர். “தீயணைப்பு வண்டியில உன்னையே சாய்ச்சு வெச்சு ஏறிடலாம்டா” என்பார்கள். தீயணைப்பு வேலைதான் அவனுடைய ஒரே ஆசை. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டான். கயிறு ஏறும் தேர்வு பாக்கி. வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது.

“பச்சையாக் குடிச்சாதான் பலம். வேகவெச்சா பாதி சத்து ஆவியாப் போயிடும்” என்று கூடத்து மாஸ்டர் சொல்லியிருந்தார். அதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் செம்பை நீட்டுவாள். அவனும் மடமடவென்று குடித்துவிட்டுப் பயிற்சிக்கு ஓடுவான்.

சில மாதங்களில் தலையணையில் முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் தோல் சிவந்து செதில் செதிலாக உரிந்தது. “ஏணிக்குத் துருப்பிடிச்சிருச்சு” என்று கூட்டாளிகள் கிண்டல் செய்தார்கள். பிறகு அவன் எழுந்திருக்கவே சோம்பினான். கூப்பிட்டாலும் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான். உடம்பு தேய்கிறது, பயிற்சிக்கு ஏற்ற சத்து போதவில்லை என்று அவள் கணக்குப் போட்டாள். காலையிலும் ஒரு செம்பு கொடுக்க ஆரம்பித்தாள்.

“வேணாம்க்கா. குமட்டுது.”

“மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி.”

“என்னை வேலைக்கு எடுக்கலேன்னா இதை ஊத்தியே நெருப்பை அணைச்சிடலாம்.”

“வாயை மூடிட்டுக் குடிடா.”

“வாயை மூடிட்டு எப்படிக்கா குடிக்கிறது?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

“விளையாட்டுக்குச் சொல்லலக்கா. விரலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. கையில கயிறு இருக்கா இல்லையான்னே தெரியல. விட்டுடலாமா?”

“இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் எதுக்கு? பயந்தாங்கொள்ளி மாதிரிப் பேசாதே. குடி.”

அக்கா சொன்னால் அவன் தட்டமாட்டான். குடித்தான்.

தேர்வு மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்று அவள் பார்த்தாள். பாதிக் கயிறுவரை நன்றாகத்தான் ஏறினான். அதற்கு மேல் ஒரு பிடி போட்டான். கை அவன் சொன்னபடி கேட்கவில்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான், கீழே கிடந்தான்.

இரண்டு குதிகால் எலும்பும் நொறுங்கியிருந்தன. இனி நொண்டாமல் நடந்தாலே பெரிய விஷயம் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கட்டுப் பிரித்த அன்று எலும்பு டாக்டர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து அறைத் தோல் டாக்டரிடம் அனுப்பினார். கண்ணாடி போட்ட அம்மாள். இமையோரத்தைத் திருப்பிப் பார்த்தார், விரல் நுனியை ஊசியால் தொட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

“தினம் என்ன சாப்பிடுவே?”

“எல்லாரும் சாப்பிடறதுதான். அப்புறம் அக்கா கொண்டுவர்ற வெள்ளைக்கரு.”

“வேகவெச்சா?”

அவன் அக்காவைப் பார்த்தான். “பச்சையா மேடம்” என்றாள் அவள்.

“எவ்வளவு?”

“ஒரு செம்பு. அப்புறம்... ரெண்டு.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். “பயோட்டின்னு ஒரு வைட்டமின், பி வகையில ஒண்ணு. நிறையப் பேருக்குப் பேரே தெரியாது. தோல், முடி, நரம்பு எல்லாத்துக்கும் அது வேணும். பச்சை வெள்ளைக்கருவுல இருக்கிற ஒரு புரதம் அதை இறுக்கிப் பிடிச்சுக்கும், உடம்புல சேர விடாது. வேகவெச்சிருந்தா அந்தப் பிடி விட்டுப் போயிருக்கும். மஞ்சள் கருவுலதான் அந்த வைட்டமின் நிறைய இருக்கு. அதை யாரு சாப்பிட்டா?”

“கேக் வாங்கினவங்க” என்றான் தம்பி.

“கவலைப்படாதே. மாத்திரை தர்றேன். முடி வந்துடும், மரத்துப் போனதும் சரியாயிடும்.”

“கால்?” என்றான்.

டாக்டர் பேனாவைத் திறந்து மருந்துச் சீட்டை எழுதினார்.

பஸ்ஸில் வரும்போது அவன் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் தண்ணீரும் மாத்திரையுமாகப் போய் நின்றாள்.

“சத்தியமா எனக்குத் தெரியாதுடா. உனக்கு நல்லதுன்னுதான்... நீ வேணாம்னு சொன்னப்பவே நான்... ஏதாவது பேசுடா. திட்டவாவது செய்.”

அவன் துணிப்பையை எடுத்து இரண்டு சட்டைகளைத் திணித்தான். கட்டிலில் உட்கார்ந்து வீங்கிய காலை ஷூவுக்குள் நுழைத்தான். லேஸ் மரத்த விரல்களில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பொறுக்க மாட்டாமல் அவள் தரையில் உட்கார்ந்து, கட்டிவிடக் கையை நீட்டினாள். அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்தான். வாசலில் வழக்கம்போலக் குனிந்தான். அவிழ்ந்த லேஸ் படிகளில் இழுபட இறங்கிப் போனான்.