இறுக்கு, இறக்கு

அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தது யார் என்பது அந்தத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் அவன் வாயைத் திறந்த மாத்திரத்தில் விளங்கிவிடும். சின்ன ஸ்டேஷன்களில் நிற்காத ரயில் மாதிரி, பாதி எழுத்துகளை விட்டுவிட்டு ஓடும் அவன் பேச்சு. 'ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டணும்' என்று அவன் சொன்னால், கேட்பவர் காதில் ஏதோ ஒன்று கழன்று விழுந்த சத்தம்தான் மிஞ்சும்.

ஆனால் கை அப்படியல்ல. எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று அவன் கண் தேடுவதற்குள் கை எடுத்துவிடும். ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றானென்றால், தளர்ந்த பெல்ட் எது என்று சொல்லிவிடுவான். வெளியூர் பஸ் பணிமனை ஒன்றில் அவனுக்கு வேலை ஏறக்குறைய உறுதி. கையில் சான்றிதழ் வரவேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சான்றிதழுக்குத்தான் மேடம் ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தார்.

மேடம் என்றால் பட்டறை ஆசிரியை. இரண்டாம் ஆண்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் முதலாண்டில் ஒருவருக்கு வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த ஏற்பாடு. வழிகாட்டி கருவியைத் தொடக் கூடாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் மட்டுமே சொல்லித்தர வேண்டும். கற்பவர் செய்முறைத் தேர்வில் தோற்றால் வழிகாட்டிக்கும் சான்றிதழ் கிடையாது.

"கை பின்னால, வாய் முன்னால!" என்பார் மேடம். பட்டறையில் யாருடைய கையாவது தவறி முன்னால் வந்துவிட்டால், எங்கிருந்தாலும் அந்தக் குரல் வந்து சேரும்.

யாருக்கு யார் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். காலி கிரீஸ் டப்பாவுக்குள் கையை விட்ட எக்ஸ்பிரஸ், சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து உள்ளே போடப் பார்த்தான்.

"என்னப்பா, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறே?" என்றார் மேடம்.

"அதவிட மோசம் மேடம். எங்க அக்கா."

பட்டறையே கொல்லென்று சிரித்தது. சிரிப்பில் முதல் ஆளாகச் சேர்ந்துகொண்டவள் அக்காதான்.

வீட்டின் முன்னறையில் தையல் கடை நடத்துபவள் அவள். தைத்த பள்ளிச் சீருடைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகப் பழைய வேன் ஒன்றை வாங்கியிருந்தாள். வேன் நினைத்த இடத்தில் நிற்கும். நிற்கும்போதெல்லாம் தம்பிக்குப் போன் வரும். அந்த வருடம் திடீரென்று, 'நானும் கத்துக்கறேன்' என்று முதலாண்டில் வந்து சேர்ந்துவிட்டாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அக்காவிடம் ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை.

அவளிடம் இருந்த ஒரே கோளாறு, அடுத்தவர் வாக்கியத்தைத் தானே முடித்துவிடுவது. அவன் 'அக்கா, அந்த...' என்பதற்குள் ஸ்பேனரை எடுத்திருப்பாள். சிறுவயதிலிருந்தே அவன் அரை வார்த்தை பேசுவான், மீதி அரையை அவள் போட்டுக்கொள்வாள். வீட்டில் அது சௌகரியம். பட்டறையில் அதுவே வினையாக வந்து விடிந்தது.

அன்று சக்கரம் மாற்றும் பயிற்சி. கார் ஜாக்கியில் உயர்ந்து நின்றது. புதுச் சக்கரத்தை மாட்டி, நட்டுகளை விரலால் சுழற்றி வைத்திருந்தாள் அக்கா. அடியில் காவலுக்கு வைத்த இரும்பு ஸ்டாண்டையும், எப்போதும்போல ஒரு படி முன்னால் ஓடி, அவன் சொல்வதற்கு முன்பே உருவி எடுத்துவிட்டாள்.

"அக்கா, ஸ்டாண்டை ஏன்... சரி விடு, இற்க்கு!" என்றான் எக்ஸ்பிரஸ்.

அவன் சொன்னது இறுக்கு. நட்டுகளை ஸ்பேனர் போட்டு இறுக்கு.

அவள் காதில் விழுந்தது இறக்கு. காரைக் கீழே இறக்கு.

ஜாக்கியின் பிடியை ஒரு திருகு திருகினாள். கார் புஸ்ஸென்று இறங்கியது. தளர்ந்து கிடந்த சக்கரம் அச்சில் கோணிக்கொண்டு சாய, இரும்பும் இரும்பும் உரசிய சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

"இறுக்குன்னா இறக்கறே!"

"நீ இறக்குன்னுதானேடா சொன்னே!"

"இற்க்குன்னேன்!"

"அதான் நானும் சொல்றேன், இறக்குன்னு!"

மேடம் வந்தார். யாரையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. காரை மறுபடி உயர்த்தச் சொல்லி, சக்கரத்தைக் கழற்றி, வளைந்து போயிருந்த போல்ட்டைக் காட்டினார்.

"அடியில யாரோட கையாவது இருந்திருந்தா?"



மாலையில் கை கழுவும் இடத்தில் மேடம் அவனைத் தனியாகப் பிடித்தார். முதலாண்டில் 'கண்ணாடி' என்று ஒரு பெண் இருந்தாள். ஒருமுறை சொன்னால் ஒன்பது கேள்வி கேட்கிற கெட்டிக்காரி. அவளுடைய வழிகாட்டி வேறு ஊருக்குப் போய்விட்டான்.

"மாத்திக்கணும்னா மாத்திக்கோ. உங்க அக்காவை அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கலாம். காலைல வந்து சொல்லு. ஆனா நீயாத்தான் முடிவெடுக்கணும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் முடிவெடுத்துக்கொண்டே வந்தான். கண்ணாடி தேர்வில் தேறிவிடுவாள், சந்தேகமே இல்லை. சான்றிதழ் வரும், பஸ் பணிமனை வரும். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் பிடிபடவில்லை.

முன்னறையில் விளக்கு எரிந்தது. ஒரு வாடிக்கையாளர் பெண்மணி முக்காலியில் ஏறி நின்றிருக்க, அக்கா கீழே மண்டியிட்டு, வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, பாவாடைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் அம்மா துணியைப் பிடித்திருந்தாள். வாயில் ஊசி இருந்ததால் அக்காவுக்கு நீட்டி முழக்க வழியில்லை.

"ம்மா, இறக்கு."

அம்மா ஓரத்தைக் கொஞ்சம் கீழே விட்டாள்.

"போதும். இடுப்புல பிடி."

அம்மா இடுப்புத் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுத்து இறுக்கினாள்.

எக்ஸ்பிரஸ் வாசலிலேயே நின்றுவிட்டான். வாய் நிறைய ஊசி வைத்துக்கொண்டு பேசியும் ஒரு பிழை இல்லை! இறக்கு என்றால் இறக்கம். இறுக்க வேண்டுமென்றால் அந்த வீட்டில் யாரும் இறுக்கு என்று சொல்வதே இல்லை. பிடி என்பார்கள்.

இவ்வளவு நாளாக இந்த வீட்டில்தானே இருக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

பெண்மணி போனதும் அக்கா ஊசிகளைத் துப்பிவிட்டு அவனைப் பார்த்தாள். "மேடம் என்ன சொன்னாங்க? என்னை மாத்திக்கச் சொன்னாங்களா?"

வழக்கம்போல அவன் வாக்கியத்தை அவளே முடித்துவிட்டாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சியைப் பார்த்தா பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மாத்திக்கோடா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"அடுத்த வருஷம் படிப்பியா?"

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்தாள். அக்கா 'பார்க்கலாம்' என்றால் அந்த விஷயத்துக்கு மூடுவிழா என்று அர்த்தம்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த வருஷம் படிச்சு என்ன பண்ணப் போறா? உனக்காகத்தானேடா இதுல போய்ச் சேர்ந்தா."

"அம்மா, சும்மா இரு."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? 'வண்டி நின்னா யாரு பார்ப்பா, நான் எப்படி வெளியூர் போறது'ன்னு நீ ஒரு நாள் புலம்பினே பாரு, மறுநாளே போய்ப் பேர் கொடுத்துட்டு வந்து நிக்கறா. வண்டியை நானே பார்த்துக்கிட்டா அவன் நிம்மதியா கிளம்புவான்னு."



"சரி, சரி. ரெண்டு பேரும் அழுது வைக்காதீங்க, வெள்ளைத் துணி இருக்கு" என்றாள் அக்கா. அவள் குரல்தான் முதலில் உடைந்திருந்தது.

எக்ஸ்பிரஸ் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று பேசினான்.

"அக்கா. இனிமே. பட்டறையில. இறுக்குங்கற வார்த்தையே கிடையாது. பிடி. அவ்வளவுதான். நட்டைப் பிடி. இறக்குன்னா, காரை இறக்கு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. ஆனா ஏன்டா இப்படி, காது கேக்காதவங்ககிட்ட பேசற மாதிரி..."

"இன்னொண்ணு. நான் முடிக்கறதுக்குள்ள நீ முடிக்கக் கூடாது. கேக்கலைன்னா, கேக்கலைன்னு சொல்லணும்."

"அது கொஞ்சம் கஷ்டம்" என்றாள் அக்கா, உண்மையான கவலையுடன்.

மறுநாள் காலை மேடத்திடம் போய், "எனக்கு எங்க அக்காவே போதும்" என்றான். கண்ணாடிக்கு மேடமே வழிகாட்டியாக இருந்துகொண்டார்.

அதன் பிறகு அவர்கள் மூலையிலிருந்து வந்த பேச்சைக் கேட்டவர்கள் இது பட்டறையா தையல் கடையா என்று குழம்பினார்கள். நட்டுகளை வட்டமாக வரிசையாக முறுக்கக் கூடாது, ஒன்றுக்கு எதிர்ப்புறம் இன்னொன்று என்று மாற்றி மாற்றித்தான் முறுக்க வேண்டும் என்பதை அவளுக்குப் புரியவைக்க அவன் முன்பெல்லாம் படம் போட்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். இப்போது, "சட்டைக்குக் கை வைக்கும்போது எப்படி ஊசி குத்துவே?" என்று மட்டும் கேட்டான்.

"மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அப்புறம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வரிசையா குத்திக்கிட்டே போனா ஒரு பக்கம் சுருக்கம் விழுந்துடும்."

"சக்கரத்துக்கும் சுருக்கம் விழும்."

"அட, இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

தேர்வு நாள் வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வு அதிகாரிக்குத் தூசி ஆகாது போலிருக்கிறது. மூக்கையும் வாயையும் மறைத்துத் தடிமனாக ஒரு முகக்கவசம். போதாக்குறைக்குப் பக்கத்தில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டைகளை மாற்றி, திரும்ப மாட்ட வேண்டும். அக்கா நிதானமாகச் செய்தாள். எக்ஸ்பிரஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேவையான இடத்தில் மட்டும், நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பழைய கட்டை வந்தது, புதுக் கட்டை உட்கார்ந்தது, சக்கரம் ஏறியது. நட்டுகளை விரலால் சுழற்றிவிட்டு, அக்கா ஸ்பேனரை எடுக்கத் திரும்பினாள். போகிற வழியில் அவள் கை ஜாக்கியின் பிடியில் ஊன்றியது.

அப்போது அதிகாரி குனிந்து பார்த்து, முகக்கவசத்துக்குள்ளிருந்து ஏதோ சொன்னார்.

"இ..க்கும்மா."

 அதே வார்த்தை. அதே அரை வார்த்தை. அதிகாரி பேசும்போது வழிகாட்டி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அத்துடன் சரி. பின்னால் கட்டிய கைகள் ஒன்றையொன்று நசுக்கின. அக்காவின் கை ஜாக்கியின் மேல் இருந்தது. ஒரு திருகு. ஒரே ஒரு திருகு. அடியில் ஸ்டாண்டு தாங்கினாலும், நட்டை முறுக்குவதற்கு முன் இறக்கினாலே தோல்விதான். பஸ் பணிமனை, சான்றிதழ், எல்லாம் அந்த மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாக்கியத்தை முடித்துக்கொடுத்தே பழகிய அக்கா, கையை ஜாக்கியிலிருந்து எடுத்தாள். எழுந்து நின்றாள். கம்ப்ரஸரையும் தாண்டிக் கேட்கிற குரலில் கேட்டாள்:

"சார், காதுல சரியா விழல. இறுக்கவா, இறக்கவா?"

அதிகாரி முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். "இறுக்கத்தான் சொன்னேன். ஏன், வேற எப்படிக் கேட்டுச்சு?"

"ரெண்டு மாதிரியும் கேட்டுச்சு சார்."

"கேக்காம இறக்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"ஸ்டாண்டும் இல்லைன்னா, சக்கரம் கோணிக்கிட்டு, போல்ட் வளைஞ்சிருக்கும்."

"புத்தகத்துல படிச்சியா?"

"இல்ல சார். ஒரு தடவை இறக்கிப் பார்த்துட்டேன்."

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முகக்கவசம் வேறு கீழே இருந்ததால் மறைக்கவும் முடியவில்லை. மேடம் அவசரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"சரி, நீங்க எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்க தம்பி" என்றார் அதிகாரி.

எக்ஸ்பிரஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அக்கா. பிடி."

மேலே ஒன்று, கீழே ஒன்று, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அடி ஸ்டாண்டை எடுத்துவிட்டு, "இறக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே காரை இறக்கினாள். தரையில் நின்ற சக்கரத்தை மறுபடி ஒரு சுற்றுப் பிடித்தாள். கடைசியில், யாரும் சொல்லாமலே உள்ளே ஏறி உட்கார்ந்து, பிரேக் மிதி கெட்டியாகும்வரை மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினாள். அந்த ஒன்றை மட்டும் தம்பி சொல்ல மறந்திருந்தான். வாக்கியத்தை முடிக்கிற வழக்கம் முழுவதுமாக விட்டுப்போகாமல் இருந்ததும் ஒருவிதத்தில் நல்லதற்குத்தான்.

இருவரும் தேறினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோருமே நட்டைப் 'பிடிக்க' ஆரம்பித்தார்கள்; ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

பஸ் பணிமனையில் வேலைக்குச் சேர வேண்டிய நாளில், வேனில் அவனைக் கொண்டுபோய் விட்டது அக்காதான். வழியில் வேன் ஒருமுறை இருமியது. எக்ஸ்பிரஸ் பழக்க தோஷத்தில் கதவைத் திறக்கப் போனான்.

"கை பின்னால!" என்றாள் அக்கா.

அவளே இறங்கி, முன்மூடியைத் திறந்து, பேட்டரிக் கம்பி ஒன்றைத் துடைத்துப் பொருத்திவிட்டுத் திரும்பி வந்தாள். அதன் பிறகு வேன் வாயைத் திறக்கவில்லை.

பணிமனை வாசலில் பஸ்கள் வரிசையாகக் கழுவுவதற்குக் காத்து நின்றன. அக்கா பிரேக்கை மிதித்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"சரியா கேக்கல அக்கா" என்றான் அவன். "இறுக்கவா, இறக்கவா?"

"இறங்குடா!" என்று அதட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "முதல் நாளே லேட்டா போகாதே."