தலைகீழாகப் பறக்கும் கொடி

கவுன்சிலர் ரெஜினால்ட் ஸ்கெல்போர்ன் இறந்த மறுநாள், காலை எட்டேகால் மணிக்கு, தோர்ன்ஹித் நகரமன்றத்தின் தேசியக் கொடியிலிருந்து மூத்திரம் சொட்டத் தொடங்கியது. மழை இல்லை. முதல் சொட்டு தபால்காரரின் தொப்பியில் விழுந்தது. அவர் முகர்ந்து பார்த்துவிட்டு நேராக வீட்டுக்குப் போய்க் குளித்தார்.

அந்தக் கொடிக்கு எங்கள் ஊரில் ஸ்கெல்போர்னைவிடப் பெரிய பக்தர் இருந்ததில்லை. ஆண்டுதோறும் பள்ளிக்கு வந்து, இங்கிலாந்தின் சிவப்புச் சிலுவையும் ஸ்காட்லாந்து, அயர்லாந்தின் சாய்ந்த சிலுவைகளும் ஒரே துணியில் சேர்ந்த வரலாற்றைச் சொல்வார். கம்பத்தை ஒட்டிய பக்கத்தில் அகலமான வெள்ளைப் பட்டை மேலே இருக்க வேண்டும், கீழே போனால் கொடி தலைகீழ், கப்பல்காரர்கள் ஆபத்தில் அப்படிக் கட்டுவார்கள் என்பார். அதில் வேல்ஸுக்கு இடம் எங்கே என்று கேட்ட பிள்ளையை ஒரு மணி நேரம் நிற்க வைத்தார். அதே மனிதர் நடத்திய முதியோர் இல்லத்தில் ஜனவரியில்கூடக் கணப்பு எரியாது, படுக்கை விரிப்பு வாரத்துக்கு ஒருமுறைதான் மாறும். ஊருக்கே தெரியும். அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசுவோம்.

கொடி ஏற்றுபவர் நகரமன்றக் காவலாளி ஹில்டா க்ராக்ஸ்பி. அவருடைய அண்ணன் வில்ஃப்ரெட் அந்த இல்லத்தில்தான் கிடந்தார். ஹில்டா ஞாயிறுதோறும் போவார், அண்ணனின் முதுகுப் புண்ணைப் பார்ப்பார், குமட்டலை அடக்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். புகார் சொன்னால் நகரமன்ற மாடியில் தனக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறை போய்விடும். அந்த நாற்றத்தைவிடத் தன்மேல்தான் அவருக்கு அருவருப்பு.

துக்கத்துக்கு அரைக்கம்பம் என்று உத்தரவு. முறைப்படி உச்சிவரை ஏற்றி, பிறகு கொஞ்சம் இறக்கினார். அப்போதுதான் சொட்டியது. அலசிக் கட்டியும் சொட்டியது. செயலர் ஸ்டாக் வரவழைத்த புதுக்கொடியும் கால்மணி நேரத்தில் மஞ்சளானது. சவ ஊர்வலத்தன்று மேயரின் தங்கச் சங்கிலியிலும் சவப்பெட்டிப் பூக்களிலும் பெய்தது. எல்லோரும் குடையை விரித்துக்கொண்டார்கள்.

“அடக்கம் முடியற வரைக்கும், நாலு மணி வரைக்கும், பல்லக் கடிச்சுக்கங்க, மிசஸ் க்ராக்ஸ்பி,” என்றார் ஸ்டாக். “நாத்தம் தாங்கலன்னா கைக்குட்டை வச்சுக்கங்க.”

“வச்சு வச்சு மூக்கே தேஞ்சு போச்சு சார். இதுக்கு மேல என்னால ஆகாது.”

கொடியை இறக்கி, தலைகீழாகக் கட்டி, உச்சிக்கு ஏற்றினார் ஹில்டா.

“ஐயோ, தலைகீழா இருக்கு! உங்க ரூம் போயிடும், தெரியுமில்ல?”

“போகட்டும். ஆபத்துன்னா இப்படித்தான் கட்டணும். அந்தாளு சொல்லிக்குடுத்ததுதானே.”

இருபது நிமிடத்தில் உயிர்காப்புப் படகு வந்தது. எங்கள் ஊர் உயிர்காப்பு நிலையத்தை 1911இலேயே மூடிவிட்டார்கள். தார்ச்சாலையில் துடுப்புகள் மோத, கடைத்தெரு வழியாகப் படகு ஊர்வலத்துக்கு எதிரே வந்து நின்றது. அந்தக் காலத்துத் தக்கை மிதவைச் சட்டை போட்ட எட்டுப் பேர். அவர்களில் மூத்தவர் கேட்டார்:

“கொடியப் பாத்தோம். ஆபத்து எங்கேம்மா?”

“முதியோர் இல்லத்துல. பதினாலு பேரு. எங்கண்ணனும் இருக்கான்.”

“ரொம்ப தூரமா?”

“இந்தா, முந்நூறு கெஜம்.”

அவர் குடைகளை ஒருமுறை பார்த்தார். “அடச்சீ,” என்று எங்கள் பக்கம் துப்பினார்.

இல்லத்துக்குப் போய், முதியவர்களின் தோலோடு ஒட்டியிருந்த விரிப்புகளை வெந்நீர் ஊற்றிப் பிரித்தார்கள். ஹில்டா அண்ணனின் புண்ணைத் தன் கையாலேயே கழுவினார், முகத்தைத் திருப்பவில்லை. பதினான்கு பேரையும் கம்பளியில் சுற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது, சவப்பெட்டி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. நகரமன்றக் கூட்ட அறையில் அவர்களை இறக்கிவிட்டு, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, படகுக்காரர்கள் கடல் பக்கம் போய்விட்டார்கள்.

கூட்ட அறை கதகதப்பானது என்பதால் முதியவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஹில்டாவின் அறையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. கவுன்சிலர்கள் செவ்வாய்தோறும் பேருந்து நிழற்குடையில் கூடுகிறார்கள். கொடியை நேராக்க ஸ்டாக் மூன்று முறை ஆளனுப்பினார், கட்டியவன் இறங்குவதற்குள் அது திரும்பிக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் யாராவது சுட்டிக்காட்டினால், இங்கே அப்படித்தான் என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போகிறோம்.