ஒரு அடி பின்னால்

உள்ளங்கை வெளிச்சத்தில் நிற்கிறது, தோளுக்கு மேலே உயர்த்திய வலது உள்ளங்கை, ரேகையெல்லாம் எண்ணலாம் போல, அதற்குப் பின்னால் கித்தேரியானின் முகம், இடது பக்கம் முழுக்க வெள்ளைக் குடையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம், வலது கன்னத்தில் மெல்ல மெல்லக் கரைகிற நிழல், இந்தப் படந்தாம்மா, இதுல அப்பா ஆசீர்வாதம் பண்ணுத மாதிரியே இருக்காவ என்று கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்தாள் அமலி, ஜெசிந்தா மவுசிலிருந்து கையை எடுத்தாள், ஆயிரத்துக்கு மேலே கிடக்கிற படங்களில் இந்தப் பெண் கண்ணில் இதுதானா பட வேண்டும். ஆசீர்வாதமும் இல்லை, ஒன்றும் இல்லை, வெளிச்சத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிற பழக்கம் அது, மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து நிற்பதற்கு முன்னால் அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் கித்தேரியான் போய் நிற்பார், ஃபிளாஷையும் வெள்ளைக் குடையையும் கம்பில் மாட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கையைத் தூக்கி, இந்தா ஜெசி, பாத்துக்கோ என்பார், அவள் ஒரு படம் எடுத்து வெளிச்சம் கூடுதலா குறைச்சலா என்று பார்ப்பாள், பதினேழு வருஷமாக ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பிள்ளைகள் கோயிலில் முதல்முதலாக நன்மை வாங்குகிற ஒவ்வொரு புதுநன்மைக்கும் அப்படி ஒரு படம், எல்லாவற்றிலும் யாரோ ஒரு மணப்பெண்ணுடைய இடத்தில் நின்றுகொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு, தன் புருஷன்.

தூத்துக்குடியில் படம் எடுக்கிற பெண்பிள்ளை என்றால் அப்போது ஜெசிந்தா ஒருத்திதான், அதுவே ஊருக்குப் பெரிய சிரிப்பாக இருந்தது, அதோடு பொண்டாட்டி படம் பிடிக்கா, புருஷன் லைட்டுப் பிடிக்கான் என்று மீன் ஏலக் கூடம்வரைக்கும் பேச்சு, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, கித்தேரியான் அதைக் கேட்டுவிட்டு வந்து அவளிடமே சொல்லிச் சிரிப்பார், நான் பிடிக்கலன்னா அவ படத்துல எல்லாரும் கருவாடுல்லா என்பார், அது உண்மையும்தான், கேமராவுக்கு மேலேயே ஃபிளாஷை வைத்து அடித்தால் முகம் சுண்ணாம்பு பூசின சுவர்தான், வெளிச்சம் பக்கத்திலிருந்து, கொஞ்சம் உயரத்திலிருந்து, கொஞ்சம் தள்ளியிருந்து வரவேண்டும், எவ்வளவு தள்ளி என்பதை அவள் சொல்ல வேண்டும், அவர் போக வேண்டும். போகும்போது திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பினால் குடை திரும்பிவிடும், வெளிச்சம் மூஞ்சியை விட்டுப் போய்விடும், அதனால் இடம் இருக்கா ஜெசி என்று அவர் கேட்பார், அவள் ஒரு கண்ணால் எட்டிப் பார்த்து இருக்கு என்பாள், அவர் பின்னால் அடி வைப்பார், பதினேழு வருஷமும் அவர் முதுகுக்குக் கண் அவள்தான்.

இப்போது அவள் யாரையும் லைட் பிடிக்க வைப்பதில்லை, ஆறு வருஷமாக எல்லாமே ஸ்டாண்டுதான், இரும்புக் கால் மூன்றையும் விரித்து, மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, அது கேள்வி கேட்காது என்று நினைத்தாள், ஆனால் கேட்கிறது, கண்ணைக் கேமராவில் வைத்த உடனே குடைக்குப் பின்னாலிருந்து, வெளிச்சத்தைத் தாண்டி ஒன்றும் தெரியாத அந்த இருட்டிலிருந்து, இடம் இருக்கா ஜெசி, அவள் நிமிர்ந்து பார்ப்பாள், ஸ்டாண்டு நிற்கும், பாஸ்போர்ட் படத்துக்காக எதிரே உட்கார்ந்திருக்கிறவர் என்னம்மா ஆச்சு என்பார், ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நாடியக் கொஞ்சம் தூக்குங்க என்பாள்.

புதன்கிழமை அமலிக்குக் கல்யாணம், கோயிலுக்குப் புறப்படும் முன்னால் பெண் வீட்டில் முழங்காலிட வேண்டும், அப்பா அவள் நெற்றியில் சிலுவை போட வேண்டும், அந்தப் படத்தை வரவேற்பில் பெரிதாக வைக்க வேண்டும், அப்பா இல்லாத வீட்டில் என்ன செய்வது, அவரை வெட்டி ஒட்டித்தான் ஆக வேண்டும். எத்தனையோ வீட்டுச் செத்தவர்களை எத்தனையோ கல்யாணத்துக்கு அழைத்து வந்தவள் ஜெசிந்தா, அதன் சூட்சுமம் அவளுக்குத் தெரியும், செத்தவர் மேல் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்ததோ அதே பக்கத்திலிருந்து, அதே உயரத்திலிருந்து உயிரோடிருப்பவர் மேலும் விழ வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது, வேற்றாள் போல விறைத்து நிற்பார்கள். அப்படியானால் இந்தப் படம் எடுத்த அந்த மாலை ஐந்தேகால் மணி வெளிச்சத்தை இந்த ஞாயிற்றுக்கிழமைப் பகலில் மறுபடி உண்டாக்க வேண்டும், மாதா கோயில் தெருவில், இந்த மாடி ஸ்டுடியோவில், தன் கையால். வேற படம் பாப்போமே அமலி என்று கேட்டுப் பார்த்தாள், இதுலதாம்மா அப்பா சிரிக்காவ, மத்ததுல கண்ண மூடிக்கிட்டு இருக்காவ என்று அவள் விடவில்லை.

அன்றைக்கு ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடி, மேலே புதுத்தளம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் இன்னும் வரவில்லை, அதை ஏறும்போதே பார்த்தோமே, பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அவரே சொன்னாரே, பிறகு சூரியன் இறங்க இறங்க மாப்பிள்ளையையும் பெண்ணையும் நகர்த்தி நகர்த்தி, கேமராவுக்குள் ஆகாயம் அவ்வளவு அழகாக இருந்தது, எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோனது, மாப்பிள்ளையின் மூக்கு நிழல் உதட்டில் விழுந்தது, ஏங்க, ஒரு அடி பின்னால போங்க, இடம் இருக்கா ஜெசி, இருக்கு. பார்க்கவில்லை. கண்ணை எடுக்கவே இல்லை, பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது, அமுக்கினாள், வெளிச்சம் வந்தது, மறுபடி அமுக்கினாள், வரவில்லை, என்னங்க, பேட்டரி போச்சா, மாத்துங்க என்று கேமராவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னாள், அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை, அவர் கீழே கிடக்கும்போது தான் பேட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை. போலீசும் கோயில் சாமியாரும் சொந்தக்காரர்களும் கேட்டபோது, ஏதோ யோசனையில இருந்தாவ, கால் தவறிட்டு என்றாள், ஒரு தடவை சொன்ன பொய் அதற்குப் பிறகு தானே நடக்கக் கற்றுக்கொண்டது.

ஸ்டுடியோ ஸ்டாண்டு அந்த உயரத்துக்கு எட்டவில்லை, அன்றைக்குக் கித்தேரியான் சாய்த்து வைத்த கம்பு அவ்வளவு உயரம், நான் பிடிக்கேன் அத்தை என்று வந்து நின்றான் ரீகன், அமலியைக் கட்டப்போகிறவன், துறைமுகத்தில் வேலை, எதற்கும் முன்னால் வந்து நிற்கிற பிள்ளை, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அமலி முழங்காலிட்டாள், அவளுக்கு எதிரே அப்பாவுக்கு விட்ட இடம் காலியாக இருந்தது, திரையில் அவர் கையைத் தூக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார், ஜெசிந்தா கண்ணைக் கேமராவில் வைத்தாள், அமலியின் நெற்றியில் வெளிச்சம் அடித்தது, கூடுதல், கொஞ்சம் தள்ளி வேண்டும், ஒரு அடி பின்னால போங்க மாப்பிள்ள என்று தன் வாயே சொன்னதை அவள் கேட்டாள், ரீகன் குடையைத் திருப்பாமல், முகத்தைத் திருப்பாமல் கேட்டான், இடம் இருக்கா அத்தை.

கேமராவைக் கீழே வைத்துவிட்டாள், அவனுக்குப் பின்னால் திறந்த கதவு, கதவுக்கு வெளியே செங்குத்தான மரப்படி, அவள் ஓடிப் போய்க் கதவைச் சாத்தி, அதில் முதுகை வைத்து நின்றுகொண்டாள், என்னம்மா என்றாள் அமலி. அன்னைக்கு உங்கப்பா இதத்தான் கேட்டாவ, நான் பாக்காமலே இருக்குன்னு சொல்லிட்டேன், அவிய யோசனையில ஒண்ணும் விழல, நான் போகச் சொன்னேன், போனாவ. அவ்வளவுதான், ஆறு வருஷம் சொல்ல முடியாமல் கிடந்தது நாலு வார்த்தைதான், ரீகன் கம்பைப் பிடித்தபடியே நின்றான், இறக்கலாமா என்று கூட அவனுக்குத் தெரியவில்லை.

அமலி அழுவாள் என்று நினைத்தாள், கத்துவாள் என்று நினைத்தாள், அவள் முழங்காலிட்டபடியே கேட்டாள், யோசனையிலன்னு ஏம்மா சொன்ன. அன்னைக்கு மூணு மணிக்கு நான் ஸ்கூல் ஹாஸ்டல்ல இருந்து அப்பாவுக்குப் போன் போட்டேன், பெங்களூர்ல நர்சிங் படிக்க விடமாட்டேன்னாவ, அம்மாவுக்கு லைட்டுப் பிடிக்கத்தான் உங்களுக்குத் தெரியும், என் படிப்பப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்னு சொல்லிட்டு வச்சிட்டேன், அந்த யோசனையிலதான் விழுந்தாவன்னு, நான்தான் தள்ளிவிட்டேன்னு, ஆறு வருஷம்மா. அமலியின் குரல் உயரவே இல்லை. ஜெசிந்தா கதவை விட்டு வந்தாள், தான் தூக்கமுடியாமல் கீழே போட்டதைப் பதினெட்டு வயசுப் பிள்ளை எடுத்துச் சுமந்திருக்கிறது, ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, தனக்குத் தெரியவே இல்லை.

இந்தப் படம் என்னைக்கு எடுத்தது என்று கேட்டாள் அமலி, அன்னைக்குத்தான், அஞ்சேகாலுக்கு. அவள் எழுந்து திரையின் பக்கத்தில் போனாள், வெகுநேரம் பார்த்தாள், உயர்த்திய கையை, கைக்குப் பின்னால் இருந்த முகத்தை, நான் போன் போட்டதுக்கப்புறம் எடுத்ததா, சிரிச்சிட்டுல்லா இருக்காவ என்றாள், யாரிடமும் இல்லை. பிறகு வந்து பழைய இடத்தில் முழங்காலிட்டு, எடு என்றாள். ஜெசிந்தா ரீகனின் பின்னால் கிடந்த நாற்காலியை நகர்த்தினாள், தரையைப் பார்த்தாள், சாத்திய கதவை இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள், இடம் இருக்கு, போங்க என்று சொல்லிவிட்டுக் கேமராவுக்குப் போய் அமுக்கினாள். வெளிச்சம் அன்றைக்கு இருந்த மாதிரியே விழுந்திருந்தது. ஒட்டப்போகிற அப்பாவின் கைக்கு அடியில் குனிய வேண்டிய தலை மட்டும் குனியவில்லை, அமலி நிமிர்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.