பிரமிளாவின் மூன்று விழுக்காடு

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. கதவைத் திறந்து காட்டுவதற்கு வீட்டு விலையில் மூன்று விழுக்காடு கேட்கும் முகவர்களைக் கிண்டல் செய்து ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'ஈப்போவில் மழை பெய்யாத மாலை ஏது, அப்படிப்பட்ட ஒரு'

வேண்டாம். வீடு விற்பவனுக்கு மழை என்றால் ஒழுகல்.

இரண்டாவது: 'என் மனைவி கௌசிகா இறந்து'

இதையும் நிறுத்துகிறேன். இந்த வாக்கியத்தால்தான் வீடு விற்கவில்லை.

2.

வீடு ஈப்போ பக்கம் சிம்மோரில், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறது. மாடி வீடு. இருவரும் சேர்ந்து வாங்கியது. தனியாக அதில் இருக்க என்னால் முடியவில்லை. முதலில் நானே விற்கப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். அவள் இறந்தது மருத்துவமனையில், வீட்டில் அல்ல என்றும் சொன்னேன். அதற்குள் காரில் ஏறியிருந்தார்கள்.

பிறகுதான் பிரமிளா என்ற முகவரைப் பிடித்தேன். (முதல் வரைவில் அவரைப் பேராசைக்காரியாக எழுதியிருந்தேன். எழுத வசதியாக இருந்தது. ஆள் அப்படி இல்லை. அதுவும் எரிச்சல்தான்.)

அவர் போட்ட ஒரே நிபந்தனை: "ஆளுங்க பாக்க வரப்ப நீங்க வீட்ல இருக்காதீங்க சார். உங்க மூஞ்சியே எல்லாத்தயும் சொல்லிருதுலா."

3.

சனிக்கிழமை, ஆட்கள் வீடு பார்க்கும் நேரத்தில், சொல்லாமல் திரும்பி வந்தேன். அந்த மூன்று விழுக்காட்டுக்கு என்னதான் செய்கிறார் என்று பார்க்க.

வாசலில் என் பழைய செருப்புக்குப் பக்கத்தில் கௌசிகாவின் செருப்பு கிடந்தது.

(இங்கே ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். உள்ளே இருக்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.)

பிரமிளாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டேன்.

"யார கேட்டு அலமாரியிலேர்ந்து எடுத்தீங்க?"

"உங்கள கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"அது என் வைஃப் செருப்பு."

"தெரியும் சார். ஆம்பள செருப்பு மட்டும் கிடந்தா வாசல்லயே கேள்வி வரும். டைவர்ஸா, செத்துட்டாங்களான்னு. பக்கத்துல பொம்பள செருப்பு கிடந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இதுக்குத்தான் எனக்கு கமிஷன். கதவ தொறக்க பக்கத்து வீட்டு சீனி அண்ணே போதும்லா."

(வரைவுகளில் எனக்கு நல்ல நல்ல பதில்களாக எழுதிப் பார்த்தேன். அன்று சமையலறையில் அவற்றில் ஒன்றும் இல்லை.)

அப்போது கலாதேவி எட்டிப் பார்த்தாள். வீடு பார்க்கக் கணவன் தர்மேந்திரனோடு ஆயர் தாவாரிலிருந்து வந்தவள். மாடியைக் காட்டி, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, அக்கா மேல தூங்குறாங்களா? செருப்பு இருக்கு, ஆளக் காணோம். எழுப்பிறாதீங்க, நாங்க கீழயே பாத்துக்கிறோம்."

செருப்பு வெளியே கிடந்தால் ஆள் உள்ளே இருக்கவேண்டும். பிரமிளா இதை யோசிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

4.

முடிவுகள்.

அ) 'ஆமா, தூங்குறா' என்கிறேன். வீடு விற்கிறது.

ஆ) 'இறந்துட்டா' என்கிறேன். அவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். நான் இங்கேயே கிடக்கிறேன்.

இ) பிரமிளாவே உண்மையைச் சொல்லி, கமிஷனை இழந்து [நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்.]

'ஆ'தான் நேர்மையானது, தெரியும். 'அ' எனக்கு வேண்டும். வீடு விற்பதற்காக அல்ல. கௌசிகாவின் தூக்கம் கலைந்துவிடக் கூடாதென்று முன்பின் தெரியாத ஒருத்தி மெதுவாகப் பேசுகிறாள். அதை நிறுத்தச் சொல்ல என்னால் ஆகவில்லை.

முடிவை நான் எழுதப்போவதில்லை. கலாதேவிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள். சத்தம் போடாமல்.