எஸ்டேட் வண்டியில் ஐந்தாவது குரல்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. பழைய ஸ்டேஷன் வேகன்களில் எது உசத்தி, எது மட்டம் என்று ஒரு வாகனப் பத்திரிகை கட்டுரை கேட்டது. கரும்பு தின்னக் கூலியா என்று உடனே ஆரம்பித்தேன்.

[டாடா எஸ்டேட் கனத்த உடம்பு. டீசல். மெதுவாகத்தான் கிளம்பும், கிளம்பிவிட்டால் கல்யாண வீட்டையே ஏற்றிக்கொண்டு போகும். பிறகு வந்த மாருதி பலேனோ ஆல்ட்டுரா பெட்ரோல், தொட்டால் பறக்கும், ஆனால் பின்னால்]

'பின்னால்' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. நான் உட்கார வைக்கவில்லை. அதற்கு ஜெனிட்டா என்று பெயர்கூட இருந்தது. அப்போது பிடித்த பயம் இன்னும் என்னை விடவில்லை.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: [அயோத்தியாப்பட்டணத்தில் அமிர்தசாமியின் எஸ்டேட்டைத் தெரியாதவர்கள்] வேண்டாம். ஊரையெல்லாம் கூப்பிட வேண்டாம். வண்டிக்குள் இருப்பவர்கள் போதும்.

ஓட்டுகிறவர் அமிர்தசாமி, எழுபத்துநாலு வயது. பக்கத்தில் மருமகன் ஆண்ட்ரூஸ். நடு சீட்டில் மகள் இசபெல்லா; அவளுக்கு அருகே மூத்த பேத்தி அக்சிலியா, காதில் ஹெட்போன். கடைசியில், சாமான் வைக்கும் இடத்தில் மெத்தை விரித்து, ஆறு வயது ஜெனிட்டா. அவள் பின்கண்ணாடியைப் பார்த்துத்தான் உட்காருவாள். எல்லோருக்கும் சாலை வந்துகொண்டிருக்கும்போது அவளுக்கு மட்டும் சாலை போய்க்கொண்டிருக்கும்.

வாசகரே, நீங்களும் அங்கேயே உட்காருங்கள், ஜெனிட்டாவுக்குப் பக்கத்தில். இடம் இருக்கிறது.

பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது.*

* வண்டியின் மேல் பழியில்லை. முப்பது வருஷத்துக்கு எந்தப் பூட்டுத்தான் தாங்கும்? மாற்றச் சொல்லி இசபெல்லா நச்சரித்துவிட்டாள். "எம் முடிச்சு அவுந்ததா சரித்திரமே கெடையாது" என்பார் அப்பா. வண்டி பழையது என்று காட்ட ஏதாவது வேண்டுமே என்று நான்தான் அந்தக் கயிற்றை எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம்.

3.

நாமக்கல்லில் காளியண்ணனின் பேத்திக்கு நாளைக்குக் காதுகுத்து. காளியண்ணன் அமிர்தசாமியின் நெடுநாள் சிநேகிதர். இருவருக்கும் ஒரே ஒரு சண்டைதான், அது ஓயவே இல்லை: எஸ்டேட்டா, ஆல்ட்டுராவா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை ஏற்றிக்கொண்டு திரும்பிய காளியண்ணனை ஆண்டகளூர் கேட் டீக்கடையில் பிடித்தார்கள். டீ வருவதற்குள் இரண்டு வண்டியின் பின்கதவும் திறந்தாகிவிட்டது.

"ஏனுங்க அமிர்தசாமி, இந்தக் கட்டைவண்டிய இன்னும் ஓட்டறீங்களா?"

"கட்டைவண்டிதான். பட்டனத் தட்டுனா கண்ணாடி எறங்கும். அந்தக் காலத்துல எவன்கிட்ட இருந்துச்சு?"

"கண்ணாடி எறங்குமுங்க. வண்டி ஏறுமுங்களா? ஏற்காட்டு மலையில பாதி தூரம் நீங்கதான தள்ளுனீங்க?"

"உன்னுதுல இந்த மூட்டைய ஏத்துனாலே தரையத் தொடுது."

"நாலு மூட்டை ஏத்தியும் ஒரு பாப்பா குந்த எடமிருக்குதுங்க. ஜெனிட்டா சாமி, நீயே ஏறிப் பாரு, வா."

ஜெனிட்டா ஓடிப்போய் ஆல்ட்டுராவில் ஏறி, அரிசி மூட்டைகளுக்கு நடுவே குந்திச் சிரித்தாள். அதற்குள் டீ வந்தது. ஜெனிட்டா இறங்கி

[இந்த வாக்கியம் சரியாக வரவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.]

"நாமக்கல்லுக்கு யார் முன்னால போறாங்கன்னு பாத்துரலாமுங்க" என்று காளியண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு பறந்தார். அமிர்தசாமி டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பின்கதவில் அவசரமாக முடிச்சுப் போட்டார். எல்லோரும் ஏறினார்கள்.

இந்த 'எல்லோரும்' என்ற சொல்லை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

4.

அந்தக் குடும்பத்தில் யாரும் தலையை எண்ணமாட்டார்கள். எண்ணினால் கண் படும் என்று ஒரு எண்ணம். அதற்குப் பதில், வண்டி நகர்ந்ததும் ஜெபமாலை. ஐந்து தேவரகசியம், ஒவ்வொன்றுக்கும் பத்து ஜெபமணி, ஐந்து பேர். முதல் பத்து மணி அமிர்தசாமி, அடுத்து ஆண்ட்ரூஸ், இசபெல்லா, அக்சிலியா. கடைசிப் பத்து ஜெனிட்டாவுக்கு. ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். ஐந்து குரலும் கேட்டால் ஐந்து பேரும் வண்டியில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றும் சேலத்தில் கிளம்பியதுமே சொல்லியிருக்க வேண்டும். காளியண்ணனை மட்டம்தட்டுகிற மும்முரத்தில் மறந்துபோய், டீக்குப் பிறகுதான் தொடங்கினார்கள்.

நாலு பத்து முடிந்தது. ஐந்தாவதுக்குப் பின்னாலிருந்து குரல் வரவில்லை. டீசல் சத்தம் மட்டும் கேட்டது.

"பாப்பா?" என்றாள் இசபெல்லா.

"தூங்கிருப்பா, விடும்மா. நான் சொல்றேன்" என்றார் அமிர்தசாமி. அவர் கண் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த ஆல்ட்டுராவின் மேல் இருந்தது. பேத்தியின் பத்தையும் அவரே கடகடவென்று சொன்னார். இசபெல்லாவும் பின்பாதியைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் மனசு ஆறிப்போனது. ஐந்து பத்தும் ஆகிவிட்டதே.

5.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு வேகத்தடை. வண்டி குலுங்கியதில் பின்னால் தகரம் தட்டுகிற சத்தம். இசபெல்லா திரும்பி, சீட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

பின்கதவு ஒரு சாண் திறந்து மூடிக்கொண்டிருந்தது. கயிறு தரையில் இழுபட்டது. சீர்த்தட்டு இருந்தது. மெத்தை இருந்தது.

"அப்பா, நிறுத்துங்க! பாப்பா இல்ல! அப்பா!"

இரண்டாம் பகுதிக்குப் போய்க் 'கயிறு' என்ற சொல்லை அடித்துவிட்டு, [புத்தம் புதிய பூட்டு] என்று எழுதிப் பார்த்தேன். அப்போதும் இசபெல்லா கத்திக்கொண்டேதான் இருந்தாள். பூட்டை மாற்றினால் கதவு சரியாகும், குழந்தை எப்படி வரும்?

மூன்றாம் பகுதிக்கு ஓடினேன். 'ஜெனிட்டா இறங்கி.' அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் ஆல்ட்டுராவிலிருந்து இறங்கினாளா? இறங்கி எஸ்டேட்டில் ஏறினாளா? டீக்கடைப் பின்பக்கம் கோழிக்குஞ்சு பார்க்கப் போனாளா? எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் 'எல்லோரும் ஏறினார்கள்' என்று எழுதினேன்.

ஆண்ட்ரூஸ் காளியண்ணனுக்குப் போன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடமாட்டேன் என்று பெருமையடிக்கிற மனுஷன் அவர்.

"முன்னாடி போலாம். அவன் வண்டியிலதான் இருப்பா" என்றார் அமிர்தசாமி.

"இல்லீங்க மாமா, திரும்பலாம். கதவு தொறந்து கெடக்குது."

"அப்படிச் சொல்லாதீங்க!" என்று இசபெல்லா அவன் வாயைப் பொத்தினாள். அக்சிலியா ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

6.

முடிவுகள்:

(அ) முன்னால் போகிறார்கள். நாமக்கல்லில் ஆல்ட்டுராவின் பின்கதவைத் திறந்தால், ஜெனிட்டா அரிசி மூட்டையில் சாய்ந்து தூங்குகிறாள், கையில் வெல்லக்கட்டி. காளியண்ணன், "எங்க வண்டி எப்படீங்க, தூக்கமே வந்துருச்சு பாருங்க" என்கிறார். அமிர்தசாமி முதல் தடவையாக, "உன் வண்டிதான்யா வண்டி" என்கிறார்.

(ஆ) திரும்புகிறார்கள். டீக்கடை பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டு பன் தின்கிறாள்.

(இ) திரும்புகிறார்கள். வழியில், சாலை ஓரத்தில்,

இல்லை. இதை எழுதமாட்டேன். நீங்கள் என்ன சொன்னாலும் எழுதமாட்டேன்.

7.

நாற்கரச் சாலையில் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. நடுச்சுவர் விட்ட இடைவெளி ஒன்று வந்தது. அமிர்தசாமி வண்டியை அங்கே ஓரங்கட்டினார். நேராகப் போனால் நாமக்கல். திரும்பினால் வந்த வழி. இதை விட்டால் அடுத்த இடைவெளி எங்கேயோ. தவறான பக்கம் போனால் குழந்தை இருக்கிற இடத்துக்கும் அவர்களுக்கும் நடுவே ஒவ்வொரு நிமிஷமும் தூரம் கூடும். லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன.

அமிர்தசாமி எஞ்சினை நிறுத்தினார். இத்தனை நேரம் அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காமல் இருந்தது. இப்போது கேட்கும்.

இசபெல்லா சீட்டின் மேல் முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்புகிறாள். யாரும் இல்லாத மெத்தையைப் பார்த்து, ஜெனிட்டா சொல்ல வேண்டிய முன்பாதியைத் தானே தொடங்குகிறாள். "அருள் நிறைந்த மரியே..." மற்ற மூவருக்கும் பின்பாதி வாயில் வரவில்லை.

அவள் இப்போது பார்ப்பது உங்களைத்தான். முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஆல்ட்டுராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பகுதியிலிருந்து இந்த வண்டியில் பின்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது நீங்கள் ஒருவர்தான்.

"எம் பொண்ணு உங்க பக்கத்துலதான இருந்தா?" என்கிறாள் இசபெல்லா. "எந்தப் பக்கம் போறது? சொல்லுங்க."